வாட்ஸ்அப்பின் டிலீட், எடிட், டிராஃப்ட்: வாய்க்குக் காவல் தேடுகிற ஒருவனின் அனுபவ விமர்சனம்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எப்படி அழிப்பது, எப்படித் திருத்துவது என்று சொல்லித்தருகிற பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன, அதனால் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை நான் இங்கே விளக்கப்போவதில்லை. சபையின் ஜெபக்குழு ஒன்றுக்குச் சில வருடங்களாக அட்மினாக இருக்கிறேன். தினமும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படிக்கிற இடத்தில் எழுதுகிறவன் என்ற முறையில், இந்த வசதிகள் ஒரு கிறிஸ்தவனுடைய நாவுக்கு எந்த அளவு உதவுகின்றன, எங்கே கைவிட்டுவிடுகின்றன என்பதைத்தான் எழுத நினைத்தேன். நட்சத்திரமும் கொடுக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

குழுவில் ஒரு சகோதரரின் தாயார் இறந்துபோன செய்தி ஒரு இரவு வந்தது. நான் வேறு ஏதோ வேலையாக இருந்தேன். அட்மின் முதலில் ஏதாவது எழுதவேண்டுமே என்ற அவசரத்தில், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற ரோமர் 8:28ஐப் போட்டு, அதன் கீழே “கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் இதை அனுமதித்திருப்பார், தைரியமாயிருங்கள்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் அதை அவருடைய கண்ணால் படித்துப் பார்த்தேன். அம்மாவின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு மனிதர் அதைப் படிப்பாரே என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது, நான்கைந்து நிமிடத்துக்குள் அழித்துவிட்டேன். நல்ல வசதி, தப்பித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் என்னைத் தனியாகப் பார்த்துச் சொன்னார்: “பிரதர், நீங்க எழுதினதை நான் நோட்டிஃபிகேஷன்லயே படிச்சிட்டேன். அழிச்சதுல எனக்கு வருத்தம் இல்ல. அதுக்கு அப்புறம் நீங்க ஒண்ணுமே சொல்லலையே, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.” உண்மை, நான் ஒன்றுமே சொல்லவில்லை. தவறான வார்த்தையை எடுத்துவிட்டால் விஷயம் சரியாகிவிடும் என்று நம்பி, அந்த இடத்தில் வெறும் “இந்தச் செய்தி நீக்கப்பட்டது” என்ற சாம்பல் நிற வரியை விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அதனால் டிலீட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2017இல் இந்த வசதி வந்தபோது வெறும் ஏழு நிமிட அவகாசம்தான் இருந்தது. பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது, 2022இல் இரண்டு நாளுக்குச் சற்று மேல் என்று நீட்டினார்கள். அதே வருடம், குழுவில் யார் போட்ட செய்தியையும் அட்மின் எல்லோருக்குமாக அழிக்கலாம் என்ற அதிகாரமும் வந்தது. அவசரத்தில் ‘டிலீட் ஃபார் மீ’யை அழுத்திவிட்டு, நம் திரையில் மட்டும் மறைந்து மற்ற எல்லோருடைய திரையிலும் செய்தி உட்கார்ந்திருக்க, தலையில் கை வைத்துக்கொள்பவர்களுக்காக ஐந்து விநாடிக்குள் அதைத் திரும்பப் பெறும் வழியும் பின்னால் சேர்ந்தது. வசதி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறான குழுவுக்குப் போன புகைப்படம், ஒருவருடைய போன் நம்பர், வேறு யாருக்கோ எழுதிய தனிப்பட்ட செய்தி, இவற்றுக்கெல்லாம் இது பெரிய உதவி.

அந்தச் சாம்பல் நிற வரியைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள், தடம் தெரியாமல் அழிந்தால் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு அது இருப்பதுதான் சரி என்று படுகிறது. அது உண்மையைச் சொல்கிறது: இங்கே ஒரு வார்த்தை இருந்தது, எடுத்துவிட்டார்கள். வேதத்தில் சொல்லிவிட்ட வார்த்தையை எடுக்க முடியாமல் தவித்தவர்களை நினைத்துப் பாருங்கள். மூத்த மகன் என்று ஏமாந்து இளையவன் யாக்கோபை ஆசீர்வதித்த ஈசாக்கு, மூத்தவன் ஏசா வந்து நின்றபோது மிகவும் அதிர்ந்து நடுங்குகிறார், ஆனால் கொடுத்த ஆசீர்வாதம் கொடுத்ததுதான். யெப்தா யுத்தத்துக்குப் போகிற அவசரத்தில், ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதைக் கர்த்தருக்குப் பலியிடுவேன் என்று ஒரு பொருத்தனை பண்ணிவிட்டு, வாசலில் தன் ஒரே மகள் எதிரே வந்ததைப் பார்த்து வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், மாற்ற முடியாதே என்பதுதான் அவனுடைய அலறல். அந்த நாட்களில் வார்த்தைக்கு அவ்வளவு கனம் இருந்தது. நமக்கு இரண்டு நாள் அவகாசம் இருப்பதால் வார்த்தையின் கனம் குறைந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது, அதை நான் என்னிடமே பார்த்தேன். அழிக்கலாம் என்று தெரிந்த பிறகு இன்னும் வேகமாக அனுப்பத் தொடங்கியிருந்தேன்.

அழித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் இந்த வசதியின் நிஜமான பயன். அந்தச் சகோதரரோடு பேசிய பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒரு செய்தியை அதன் தொனிக்காகவோ கருத்துக்காகவோ அழித்தால், அதே இடத்தில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: “மேலே ஒன்றை யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.” யாரையாவது குறிப்பாகப் புண்படுத்தியிருப்பேன் என்று தோன்றினால் அவருக்குப் போன் செய்கிறேன். டைப் செய்த மன்னிப்பைவிடக் குரலில் கேட்கிற மன்னிப்பு சீக்கிரம் போய்ச் சேர்கிறது. டிலீட்டுக்கு மூன்றரை நட்சத்திரம்.

அடுத்தது எடிட். 2023 மே மாதம் வந்தது, அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தினால் பக்கத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று சின்ன எழுத்தில் தெரியும், ஆனால் முன்பு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது, திருத்தியதற்குப் புதிதாக நோட்டிஃபிகேஷனும் போகாது. வசனக் குறிப்பைத் தவறாகப் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு வரம். 1 யோவானுக்குப் பதிலாக யோவான் என்று போட்டுவிட்டு, அதைத் தொடர்ந்து பத்துப் பேர் “பிரதர், அந்த வசனம் அங்கே இல்லையே” என்று எழுதுவது முன்பு வழக்கமாக நடக்கும். ஜெபக்கூட்டத்தின் நேரத்தைத் திருத்தவும் நல்லது, திருத்தினதைக் கீழே ஒரு வரியில் சொல்லவும் சொன்னால்.

ஆனால் இந்த வசதியில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் ஒன்று எழுதுகிறேன், நீங்கள் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறீர்கள், அதற்கு அப்புறம் நான் என் வரியைக் கொஞ்சம் மென்மையாக மாற்றிவிடுகிறேன் என்று வையுங்கள். இப்போது வந்து படிக்கிறவர்களுக்கு நான் சாந்தமானவன், நீங்கள் காரணமில்லாமல் கோபப்பட்டவர். ஒரு எழுத்தைக்கூடப் பொய்யாக எழுதாமல் உங்களைப் பொய்யராக்கிவிட்டேன். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்று மத்தேயு 5:37இல் ஆண்டவர் சொன்னதை நான் முன்பெல்லாம் சத்தியம் பண்ணுவதைப் பற்றியது என்று மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் அது பொருந்துகிறது என்று நினைக்கிறேன். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். யாராவது பதில் சொன்ன பிறகு கருத்தைத் திருத்தவே கூடாது, கருத்து மாறினால் கீழே புதிதாக எழுதவேண்டும். எங்கள் குழுவில் இதை ஒரு விதியாகவே வைத்துவிட்டேன், முதலில் முணுமுணுத்தவர்களும் பிறகு ஒத்துக்கொண்டார்கள். எடிட்டுக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் இந்த விதியோடு.

ஃபார்வர்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது, பலமுறை கை மாறி வந்த செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். “விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்” என்ற நீதிமொழிகள் 26:20ஐத் தொழில்நுட்பத்தில் இவ்வளவு நேரடியாகச் செய்து பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன், விறகைக் குறைத்தார்கள், நெருப்பு உண்மையாகவே குறைந்தது. ஆனால் ஒரு வகை விறகு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டில் அகப்படாது, ஏனென்றால் அதை நாம் ஃபார்வர்டு செய்வதில்லை, புதிதாக நாமே டைப் செய்கிறோம். “இன்னாருடைய வீட்டில் கணவன் மனைவிக்குள் பிரச்சனை, பாரத்தோடு ஜெபியுங்கள்.” இதை எழுதுகிறவர் உண்மையாகவே ஜெபிக்கிறவராகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த வீட்டு விஷயம் நூற்றுச் சொச்சம் போன்களுக்குப் போய்விட்டது. ஆவியில் உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குகிறான் என்று நீதிமொழிகள் 11:13 சொல்கிறது. பெயரைக் கேட்காமலேயே ஜெபிக்க முடியும், நாம் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பது ஜெபத்தைக் கேட்கிறவருக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவர் தானே சொல்லச் சொன்னால் தவிர, பெயர் போட்ட குடும்ப விஷயங்களை அட்மின் அதிகாரத்தில் அழித்துவிட்டு, போட்டவருக்குத் தனியாகக் காரணம் சொல்லிவிடுகிறேன். குழுவில் வைத்துக் கண்டித்ததில்லை. ஒருவன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்றுதானே மத்தேயு 18இல் இருக்கிறது.

காலையில் வருகிற வசனப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், நிறையப் பேருக்குப் பிடிக்காமல் போனாலும். மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவையும் குறித்துக் கணக்கொப்புவிக்கவேண்டும் என்று மத்தேயு 12:36இல் வருகிறதே, அங்கே ‘வீணான’ என்பதற்கு மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் ‘ஆர்கோஸ்’. அதே சொல்தான் மத்தேயு 20இல் கடைத்தெருவில் சும்மா நிற்கிற வேலையாட்களுக்கும் வருகிறது. வேலை செய்யாத வார்த்தை, சும்மா நிற்கிற வார்த்தை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பயமே வந்துவிட்டது, ஏனென்றால் அதுவரை நான் கெட்ட வார்த்தையை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன். வசனம் ஒருபோதும் வீணானது இல்லை. ஆனால் நான் அதைப் படிக்காமல், யாருக்கு எதற்கு என்று ஒரு கணமும் யோசிக்காமல் நாற்பது பேருக்குத் தள்ளிவிடும்போது, என் பக்கத்தில் அது சும்மா நிற்கிறது. அந்த இரவு நான் போட்ட ரோமர் 8:28ம் அப்படித்தான் போனது. வசனம் சத்தியம், அதை நான் பயன்படுத்திய விதம் ஒருவருடைய கண்ணீரைச் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்த்தது.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்களை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் அவர்கள் ஆரம்பத்தில் செய்தது மிகவும் சரி. ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது, அதுவும் அவர்கள் பேசியதில் பாதிக்குமேல் தனியாக எடுத்துப் படித்தால் நல்ல உபதேசம் போலவே இருக்கும். அவர்களைத்தான் யோபு அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர், அதாவது வேதனையைக் கூட்டுகிற ஆறுதல்காரர், என்றான், கடைசியில் கர்த்தரும் அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்பட்டார். உபதேசம் சரியாக இருப்பது மட்டும் போதாது என்று இதைவிடத் தெளிவாக எங்கே சொல்லியிருக்கிறது?

இப்போது நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிற வசதிக்கு வருகிறேன், இதை யாரும் ஒரு வசதியாகவே நினைப்பதில்லை. டிராஃப்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது அனுப்பாமல் வெளியே வந்துவிட்டால், எழுதியது அங்கேயே இருக்கும். 2024 கடைசியில் இதை இன்னும் நன்றாகச் செய்தார்கள்: சாட் பட்டியலில் பச்சை நிறத்தில் ‘டிராஃப்ட்’ என்று தெரிகிறது, அந்தச் சாட்டும் மேலே வந்து நிற்கிறது. மறந்துபோன செய்திகளை முடிப்பதற்காகத்தான் இதைச் செய்திருப்பார்கள். நான் பயன்படுத்துவது அனுப்பாமல் வைத்திருப்பதற்கு. கோபமாக ஏதாவது எழுத வந்தால் எழுதுகிறேன், முழுவதும் எழுதுகிறேன், பிறகு வெளியே வந்துவிடுகிறேன். ஒரு மணி நேரமோ ஒரு ராத்திரியோ கழித்துத் திறந்து படித்தால், அதை எழுதியவன் யார் என்று எனக்கே தெரியாது போல இருக்கும். “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்” என்று சங்கீதம் 141இல் தாவீது ஜெபிக்கிறானே, காவல் வாசலில்தான் நிற்கவேண்டும், வார்த்தை வெளியே போன பிறகு தெருவில் துரத்துகிற காவலை அவன் கேட்கவில்லை. டிலீட்டுக்கும் டிராஃப்ட்டுக்கும் எனக்குத் தெரிகிற வித்தியாசம் இதுதான்.

குரல் செய்திக்கும் இப்படி ஒன்று உண்டு, பதிவு செய்ததை அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். எழுத்தில் தெரியாத எரிச்சல் குரலில் அப்படியே தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. என்னுடைய ஒரு குரல் செய்தியை நானே முதல்முறை கேட்டபோது, “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” என்று மற்றவர்களுக்குப் போதிக்கிற மனிதனின் குரலா இது என்று உட்கார்ந்துவிட்டேன். குரல் செய்தியை எடிட் செய்யவும் முடியாது, அனுப்பினால் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது முழுவதையும் அழிக்கவேண்டும்.

ஆனாலும் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவானதும் ஜனங்கள் வந்து, உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லகுவாக்கும் என்று கேட்டார்கள். அவன் மூன்று நாள் அவகாசம் எடுத்துக்கொண்டான், வாட்ஸ்அப் தருவதைவிட அதிகம். முதியோரிடம் ஆலோசனையும் கேட்டான். இன்றைக்கு நல்ல வார்த்தை சொன்னால் எந்நாளும் உமக்கு ஊழியராயிருப்பார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அதைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபர்களிடம் போய்க் கேட்டு, மூன்றாம் நாள் வந்து, என் தகப்பன் உங்களைச் சவுக்குகளினாலே தண்டித்தார், நான் தேள்களினாலே தண்டிப்பேன் என்றான். ஒரே பதில். தாவீதும் சாலொமோனும் ஆண்ட ராஜ்யம் அன்றைக்கே இரண்டாகப் பிளந்தது, பத்துக் கோத்திரங்கள் போய்விட்டன. மூன்று நாளும் அவன் இருதயத்தில் இருந்தது பெருமை, மூன்றாம் நாள் வாயில் வந்ததும் அதுதான். இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும். என் டிராஃப்ட்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சில டிராஃப்ட்களை ராத்திரி முழுக்க வைத்திருந்தும் காலையில் இன்னும் கூர்மையாக்கி அனுப்பியிருக்கிறேன், ஏனென்றால் இடையில் நான் ஜெபிக்கவில்லை, என்னைக் கோபப்படுத்தியவர் சொன்னதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் டிராஃப்டைத் திரும்பத் திறக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன், அது எபேசியர் 4:29இலிருந்து வந்தது. பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை உண்டானால் அதையே கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள் என்று பவுல் எழுதுகிறார். நான் சொல்வது உண்மையா என்று மட்டும் கேட்டால் எல்லா டிராஃப்ட்டும் பாஸாகிவிடும். இதைப் படிக்கிற இந்த மனிதருக்கு, இன்றைக்கு அவர் இருக்கிற நிலையில், இது எதற்காவது உதவுமா என்று கேட்கும்போதுதான் வரிகள் விழத் தொடங்குகின்றன. சில சமயம் கடினமான விஷயமும் இந்தக் கேள்வியைத் தாண்டி நின்றுவிடும், அப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி போய் மழுப்பவில்லை, “நீயே அந்த மனுஷன்” என்றான். ஆனால் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஏழையையும் அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றி ஒரு கதையை நிதானமாகச் சொல்லி, ராஜாவின் இருதயத்தைத் திறந்துவைத்திருந்தான்.

இந்த விமர்சனத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதும் என் சாட் பட்டியலின் மேலே ஒரு பச்சை டிராஃப்ட் நிற்கிறது. போன வாரம் முதல்முறையாகப் பிரசங்கம் செய்த ஒரு தம்பி, “அண்ணே, எப்படி இருந்துச்சு, உண்மையச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தான். எட்டு வரி எழுதினேன், எல்லாம் சரியான குறைகள்தான். ஐந்து நாளில் ஆறு வரியை எடுத்துவிட்டேன். மிச்சம் இருக்கிற இரண்டில் ஒன்று, வசனத்தை இன்னும் நிறுத்தி வாசிக்கலாம் என்பது, அதை அவனை நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. இன்னொரு வரி, “நீ ஜெபித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.” ஐந்து நாளாக அதையும் ஏன் அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. இதை முடித்ததும் அதை அனுப்பிவிடுகிறேன்.